36 சென்டிமீட்டருக்குள் ஓர் உடை: பழைய கிமோனோவைப் பிரித்துப் புதிதாகத் தைக்க முழு வழிகாட்டி

கிமோனோ கைக்கு வந்ததும் கத்தரியை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் கவுன் பேட்டர்னை மேலே விரித்தால் அது துணிக்குள் அடங்காது. காரணம், கிமோனோத் துணியின் அகலம் வெறும் 36 செ.மீ.தான். ‘தான்மோனோ’ எனப்படும் ஒரு சுருள் சுமார் 36 முதல் 38 செ.மீ. அகலமும் 12 முதல் 13 மீட்டர் நீளமும் இருக்கும். பழைய சுருள்கள் 34 செ.மீ. வரை குறுகலாகவும் வரும். மேல்துணி முழுவதும் அந்த ஒரே சுருளிலிருந்து செவ்வகங்களாக வெட்டிக் கையால் ஓட்டுத்தையல் போடப்பட்டது. எங்கும் வளைவு வெட்டு இல்லை, வீணான துணியும் கிட்டத்தட்ட இல்லை. பிரித்து, துவைத்து, மறுபடி தைக்க வேண்டும் என்று எண்ணியே அந்தத் தையலைப் போட்டார்கள்.

ஆகவே அகலத்தோடு மல்லுக்கட்டாமல் அதையே அளவுகோலாக வைத்து உடையைத் திட்டமிடுங்கள். செவ்வகங்களைச் செவ்வகங்களாகவே பயன்படுத்துங்கள். கீழே ஒரே கிமோனோவிலிருந்து ஒரு சுருக்குப் பாவாடையும் முன்பக்கம் திறந்த ஒரு மேலங்கியும் எடுக்கும் முறை முழுமையாக இருக்கிறது. கிமோனோவின் இடுப்புப் பட்டையான ஒபி, அதன் மேல் போடும் திறந்த மேலங்கியான ஹாவோரி பற்றிச் சுருக்கமாக.

எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது

நல்ல நிலையில் இருக்கும் கிமோனோவை வெட்டுவது மறுபயன்பாடு ஆகாது. உடுத்தக்கூடியதை உடுத்தலாம், இல்லையென்றால் உடுத்துபவருக்கு விற்கலாம். கையால் வரைந்து சாயமேற்றிய யூசென், முழுவதும் முடிச்சிட்டுச் சாயமேற்றிய ஷிபோரி, கைநூற்புப் பட்டான யூகி சுமுகி ஆகியவை நல்ல நிலையில் கிடைத்தால் கத்தரி படவே வேண்டாம். வெட்டத் தகுந்தவை வேறு: முன்பக்கம் கறை படிந்தவை, லைனிங் இற்றுப்போனவை, கை ஓரம் தேய்ந்தவை, இன்றைய உயரத்துக்கு எட்டாத குட்டையானவை. ஜப்பானில் இவை மலிவாகவே கிடைக்கும். கியோட்டோவில் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதியும், கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் 25ஆம் தேதியும் நடக்கும் சந்தைகளில் இப்படிப்பட்டவற்றைக் குவியலாகவே போட்டு விற்பார்கள். இணையத்தில் கட்டுக் கட்டாகவும் விற்கிறார்கள். அப்படி வாங்கினால் பாதிதான் உடைக்குத் தேறும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வகை தெரிந்தால் வேலை எளிது. உடல் முழுக்கச் சிறு வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும் ‘கோமோன்’ முதல் முயற்சிக்குச் சரி. எங்கு வெட்டினாலும் வடிவம் கெடாது. ‘ஹோமோங்கி’யில் ஓவியம் தையலைத் தாண்டி ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு ஓடும், பிரித்த பிறகு அந்த வரிசையைக் காப்பாற்றுவது தனி வேலை. ‘குரோதோமெசோதே’ கறுப்பு, வேலைப்பாடு கீழ்ப்பகுதியில் மட்டும். பாவாடைக்கு அது அழகாக அமையும். ‘ஃபுரிசோதே’யின் கை ஒரு மீட்டருக்கும் மேல் தொங்கும், அதனால் துணி கூடுதலாகக் கிடைக்கும். ‘மெய்சென்’ 1910களிலிருந்து 1950கள் வரை இசேசாக்கி, சிச்சிபு, அஷிகாகா போன்ற ஊர்களில் நெய்யப்பட்டது. பாவு (நீளவாக்கு) நூலிலேயே அச்சிட்டு நெய்ததால் வடிவத்தின் ஓரம் லேசாகக் கலங்கித் தெரியும். நிறங்கள் இன்றும் கண்ணைப் பறிக்கும், ஆனால் துணி வயதானது. கீழே சொல்லும் இழுப்புச் சோதனையைச் செய்யாமல் மெய்செனைத் தொடாதீர்கள்.

வயதை ஓரளவு ஊகிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. உள்ளே செக்கச்செவேலென்ற பட்டு லைனிங் இருந்தாலும், ஃபுரிசோதே அல்லாததில் கை 60 செ.மீ.க்கு மேல் தொங்கினாலும் பெரும்பாலும் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. போருக்குப் பிந்தைய பெண்கள் கிமோனோவில் கை சுமார் 49 செ.மீ., லைனிங் வெள்ளை அல்லது வெளிர் நிறம். ஓரங்களில் நீளமான வெள்ளைக் கச்சாத் தையல் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் அது ஒருமுறைகூட உடுத்தப்படாதது. அதைத் தைரியமாக வாங்கலாம், ஆனால் வெட்டுவதற்கு முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

கறுப்பு உடைகளில் முதுகின் நடுவிலும் கைகளின் பின்புறத்திலும் மார்பின் இரு பக்கமும் வெள்ளை வட்டமாகக் குடும்ப முத்திரைகள் இருக்கும். இவை ஒன்று, மூன்று, ஐந்து என்ற எண்ணிக்கையில் வரும். ஐந்து இருந்தால் மிக உயர்ந்த சம்பிரதாய உடை. பவுலோனியா இலையும் பூவும் சேர்ந்த ஒரு முத்திரை பொதுவானது, வாடகை உடைகளிலும் அதையே போடுவார்கள். மற்றவை யாரோ ஒரு குடும்பத்துக்கு உரியவை. அவற்றை முதுகில் பளிச்சென்று வைத்து விற்பனை உடை தைப்பதைவிட, உட்பக்கப் பைக்குள் போகும்படி வெட்டுவது நாகரிகம்.

தையல் பிரிப்பதற்கு முன் ஐந்து சோதனைகள்

முதலில் காந்தம். பழைய கிமோனோவில் ஒடிந்த ஊசி தங்கியிருப்பது உண்டு. கழுத்துப் பட்டி, கீழ் ஓரம், கை முனை ஆகிய இடங்களில் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பூச்சி அரித்த துளைகளும் நூல் விலகிய இடங்களும் தெரியும். அமரும் இடத்துக்கு நேராகப் பின்பக்கம், முழங்கால், பின்கழுத்து ஆகியவற்றைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். உள்மடிப்பில் ஒரு சிறு பகுதியை இரு கட்டைவிரல்களுக்கு இடையே பிடித்துப் பாவு வாக்கில் ஒரு முறை, ஊடை (குறுக்கு) வாக்கில் ஒரு முறை அழுத்தமாக இழுங்கள். மெல்லிய ‘சர்ர்’ ஒலியோடு நூல் விட்டுக்கொடுத்தால் அந்தத் துணி உடைக்கு உதவாது. கறுப்புப் பட்டு இதில் அதிகம் ஏமாற்றும். இரும்பு உப்பு கலந்து ஏற்றிய கறுப்புச் சாயம் காலப்போக்கில் பட்டு இழையையே அரித்துவிடும். பார்வைக்குப் புதிது போல இருக்கும், இழுத்தால் காகிதம் போலக் கிழியும். இப்படிப்பட்ட துணியைக் கேன்வாஸ் ஒட்டிக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஒட்டிய இடம் நிற்கும், ஒட்டலின் ஓரத்தில் கிழியும்.

நான்காவது, நெருப்பு. உள்மடிப்பிலிருந்து நாலைந்து நூல்களை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனையும் விரலில் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு அல்லது கம்பளி. காகிதம் போல எரிந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். பாவும் ஊடையும் வேறுவேறாக இருக்கலாம், இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

ஐந்தாவது, சாயம். ஈர வெள்ளைப் பருத்தித் துணியை உள்பக்கத்தில் வைத்து 10 நொடி இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கிமோனோவைத் தண்ணீரில் போட முடியாது. சிவப்பு லைனிங்கை மட்டும் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘மோமி’ எனப்படும் அந்தக் குசும்பாச் சிவப்பு தண்ணீர் பட்டாலும் விடும், வியர்வை பட்டாலும் விடும். எப்போதும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

வாசனைக்கும் ஒரு வார்த்தை. கற்பூரம், நாப்தலின், பாராடைக்ளோரோபென்சீன் என மூன்று வகைப் பூச்சி உருண்டைகள் ஜப்பானிய அலமாரிகளில் புழங்கின. வெவ்வேறு வகையை ஒன்றாகப் போட்டால் அவை இளகித் துணியில் எண்ணெய்க் கறை போலப் படியும். காரணம் புரியாத கறைகளில் சில இதனால் வந்தவை. வாசனை போக, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். வாசனைத் திரவியம் அடிப்பதும் சூடாக இஸ்திரி போடுவதும் வேலையைக் கெடுக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் முகக்கவசம் போட்டு வெட்டவெளியில் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வெள்ளைப் பூஞ்சை போகும். பழுப்புப் புள்ளிகளாக மாறியவை போகாது, வெட்டும்போது அவற்றைத் தவிர்ப்பது மட்டுமே வழி.

பிரித்தல்

லைனிங் உள்ள ஒரு கிமோனோவைப் பிரிக்க மூன்று நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தையல் பிரிக்கும் கொக்கியைவிட நூல் வெட்டும் சிறு கத்தரி நல்லது. கொக்கி வழுக்கினால் 80 வருடப் பட்டு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிடும்.

ஒரு தையலைக் கிட்டத்தில் பார்த்தால் அது எப்படிப் போடப்பட்டது என்று புரியும். தையல் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே துணி மடிந்து நூலை மூடியிருக்கும். இதைக் ‘கிசே’ என்பார்கள். மடிப்பைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளினால்தான் உள்ளே ஓடும் பட்டுநூல் தெரியும். ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரு தையலை வெட்டி, நூலின் முனையைப் பிடித்துத் துணிக்கு இணையாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் நூல் துணியை அறுக்கும். தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முன்னும் பின்னுமாக இரட்டைத் தையல் இருக்கும், அங்கே மட்டும் பொறுமையாக ஒவ்வொன்றாக வெட்டவேண்டும்.

வரிசை இப்படி: முதலில் இரு கைகள். அடுத்து கழுத்துப் பட்டி. மேலே இன்னொரு குட்டைப் பட்டி மூடியிருக்கும், அதை முதலில் எடுங்கள். பிறகு கீழ் ஓரத்தில் தொடங்கி லைனிங். அதன்பின் முன்பக்கம் இருபுறமும் உள்ள அரை அகலத் துண்டுகளான ‘ஒகுமி’. பின்னர் பக்கத் தையல், கடைசியாக நடு முதுகு. ஒவ்வொரு துண்டின் மேல்முனையிலும் வண்ண நூல் ஒன்றைக் கட்டி, ‘வலது முன்’, ‘இடது கை’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாட்டுங்கள். பிரித்த பிறகு எல்லாமே ஒரே மாதிரி நீளத் துண்டுகள்தான், எது எது என்று சொல்லவே முடியாது.

போருக்குப் பிந்தைய பெண்கள் கிமோனோவிலிருந்து கிடைப்பவை ஏறக்குறைய இவை: 36 செ.மீ. அகலத்தில் 320 செ.மீ. நீளமுள்ள இரு உடல் பலகைகள், 100 செ.மீ. நீளமுள்ள இரு கைப் பலகைகள், 17 செ.மீ. அகலத்தில் 130 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள இரு ஒகுமி, அதே அகலத்தில் ஒரு நீண்ட கழுத்துப் பட்டி. உடல் பலகை முன்பக்க ஓரத்திலிருந்து தோளைத் தாண்டிப் பின்பக்க ஓரம் வரை ஒரே துண்டு, தோளில் தையல் கிடையாது. அதன் நடுப்பகுதியில், முதுகுத் தையல் பக்கமாக, சுமார் 9 செ.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு இருக்கும். கழுத்துக்காகப் போட்ட வெட்டு அது. இந்த ஒரு வெட்டுதான் உங்கள் திட்டம் முழுவதையும் தீர்மானிக்கும். கவனிக்க: அது பலகையின் சரி நடுவில் இருக்காது. பெண்கள் கிமோனோவில் கழுத்து இரண்டு மூன்று செ.மீ. பின்தள்ளி வைக்கப்படும். அதனால் அளவுகளை எப்போதும் வெட்டிலிருந்து எடுங்கள், முனையிலிருந்து எடுக்காதீர்கள்.

துவைப்பது

ஜப்பானில் இதற்கென்றே ‘அராய்ஹாரி’ என்ற முறை உண்டு. பிரித்த துண்டுகளை மறுபடி நீளவாக்கில் இணைத்து ஒரு சுருளாக்கித் துவைத்து, இரு முனையிலும் ஊசி கொண்ட மூங்கில் குச்சிகளால் அகலத்தை இழுத்துப் பிடித்து உலர்த்துவார்கள். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஆனால் அகலம் இழுபட்டு நிற்கவேண்டும் என்ற அதன் அடிப்படையை விடக்கூடாது.

முதலில் மாதிரி பாருங்கள். கழுத்துப் பட்டியின் உள்முனையில் 10 செ.மீ. சதுரம் குறித்து, அந்தப் பகுதியை மட்டும் நனைத்து உலர்த்தி மறுபடி அளங்கள். சுமுகியும் மெய்செனும் பெரிதாக மாறாது. கம்பளிக் கிமோனோ வெந்நீரிலும் தேய்ப்பிலும் சுருண்டு கெட்டியாகும். சுருக்கப் பட்டான ‘சிரிமென்’தான் ஆபத்து. அதன் ஊடை நூல் கடுமையாக முறுக்கி நெய்யப்பட்டது. தண்ணீர் பட்டதும் முறுக்கு இறுகி, துணி அகலவாக்கில் சுருங்கும். மாதிரிச் சதுரம் 9 செ.மீ.க்குக் கீழே போனால் நனைக்கவே வேண்டாம், டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். தங்கத் தகடு ஒட்டியவை, தங்க இழை பின்னியவை, பூத்தையல் உள்ளவை ஆகியவற்றுக்கும் தண்ணீர் ஆகாது.

துவைக்கத் தகுந்ததை 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில், 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி நடுநிலைத் திரவச் சோப்பு கலந்து, ஒவ்வொரு துண்டாக ஐந்து நிமிடம் அலசுங்கள். வழக்கமான சலவைப் பொடி கூடாது. அதில் காரமும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் இருக்கும், பட்டோ முழுக்கப் புரதம். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள். கடைசி அலசலில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் மினுமினுப்பு திரும்பும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காயவிடுங்கள். முழுக்கக் காயும் முன்பே, இன்னும் ஈரப்பதம் இருக்கும்போது, பின்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணி போட்டுப் பட்டுச் சூட்டில் இஸ்திரி போடுங்கள். இரு ஓரங்களையும் கையால் அகலவாக்கில் இழுத்தபடி போட்டால் 36 செ.மீ. திரும்பி வரும். தண்ணீர் தெளித்தால் துளித்துளியாக அடையாளம் நிற்கும், தெளிக்காதீர்கள்.

பழைய மடிப்புக் கோடுகள் முழுவதும் மறையாது. சில இடங்களில் வெளிப்பக்கம் வெளுத்து, மடிப்புக்குள் மூல நிறம் பளிச்சென்று இருக்கும். அதை மறைக்கப் பாடுபடுவதைவிட, அந்தக் கோடு புதிய தையலுக்குள் போகும்படி வைப்பது புத்திசாலித்தனம்.

வெட்டும் திட்டம்

கழுத்து வெட்டிலிருந்து முன்பக்கம் 74, பின்பக்கம் 74 செ.மீ. அளந்து குறுக்கே வெட்டுங்கள். நடுவில் கிடைக்கும் 148 செ.மீ. பலகை மேலங்கிக்கு. இரு முனைகளிலும் மிஞ்சுபவை ஒவ்வொன்றும் குறைந்தது 82 செ.மீ. வரும், அந்த நான்கு துண்டுகளும் பாவாடைக்கு. பலகை 320 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் மேலங்கியைக் குறையுங்கள், பாவாடையைக் குறைக்காதீர்கள். ஹோமோங்கியாக இருந்தால் முன்னும் பின்னும் ஓவியம் நேராக நிற்கும்படி தோளில் திசை மாற்றியே வரைந்திருப்பார்கள். தோள் வெட்டப்படாததால் அந்த ஒழுங்கு அப்படியே காப்பாற்றப்படும்.

தையலுக்கு 60 அல்லது 70 எண் மெல்லூசி, தையல் நீளம் 2 முதல் 2.2 மி.மீ. பட்டு நூல் அல்லது மெல்லிய பருத்தி நூல் போதும். கெட்டி பாலியெஸ்டர் நூலைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இழுபடும்போது எது பலவீனமோ அது விடும். நூல் விட்டால் மறுபடி தைக்கலாம், துணி விட்டால் முடிந்தது.

பாவாடை

நான்கு 36 செ.மீ. துண்டுகளையும், 82 செ.மீ.க்கு வெட்டிய இரு ஒகுமியையும் பக்கவாட்டில் இணையுங்கள். தையலுக்கு ஓரத்தில் 1 செ.மீ. விட்டால் ஒவ்வொன்றும் 34, 15 என்றாகி மொத்தச் சுற்றளவு 166 செ.மீ. வரும். 75 செ.மீ. இடுப்புக்கு இது இரு மடங்குக்குச் சற்று மேல். மெல்லிய பட்டில் அழகாகச் சுருங்கும். இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு 115 செ.மீ.க்கு மேற்பட்டவர்கள் கைப் பலகை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒகுமியை இரு பக்கங்களிலும் வைத்தால் அங்கே பை தைக்க வசதி. ஒகுமிக்கு ஒரு ஓரம்தான் தறி ஓரம், மற்றது வெட்டிய ஓரம். அந்தப் பக்கம் பிரெஞ்ச் தையல் (வெட்டிய ஓரம் உள்ளே மறையும் இரட்டைத் தையல்) போடுங்கள், இல்லையென்றால் இரண்டே சலவையில் பிரிந்துவிடும்.

மேலே 4 செ.மீ. மடித்து, 1 செ.மீ.யை உள்ளே திருப்பி, 2.5 செ.மீ. எலாஸ்டிக் போகும் குழலாகத் தையுங்கள். எலாஸ்டிக் நீளம் இடுப்பு அளவில் 5 செ.மீ. குறைவாக இருக்கட்டும். கீழே மடிக்கத் துணியை வீணாக்க வேண்டாம். கிமோனோவின் கீழ்ப்பகுதி லைனிங்கான ‘ஹக்காகே’யிலிருந்து 10 செ.மீ. பட்டையை வெட்டி வைத்துத் திருப்புங்கள். நடக்கும்போது அந்த மாற்று நிறம் லேசாகத் தெரிவதுதான் அதன் மூல வேலையும்கூட. இதில் முடிந்த நீளம் 77 செ.மீ. உள்ளே முழு லைனிங் அவசியம், மெல்லிய பருத்தி மல் துணி போதும். லைனிங் இல்லாமல் உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கத் தையலில் ஊடை நூல் விலகிச் சல்லடையாகும்.

மேலங்கி

இரு 148 செ.மீ. பலகைகளின் பின்பாதியை நடு முதுகில் இணையுங்கள். கழுத்து வெட்டுகள் இரண்டும் சேர்ந்து சுமார் 16 செ.மீ. அகலக் கழுத்தாகும். முன்பாதியைத் திறந்தே விடுங்கள். வெட்டின் உள்முனையிலிருந்து 45 செ.மீ. கீழே முன் ஓரத்தைத் தொடும்படி சாய்வாக உள்ளே மடியுங்கள். மடித்ததை வெட்டி எறியாதீர்கள். சாய்வு வெட்டு பழைய பட்டில் நெளிந்து தொங்கும், மடிப்பு நிற்கும். கிமோனோ தைப்பவர்களும் சாய்வான இடங்களில் வெட்டுவதில்லை, மிச்சத்தை உள்ளேதான் மடிக்கிறார்கள்.

கைப் பலகையின் நடுவைக் கழுத்து வெட்டின் நேர்க்கோட்டில் வைத்து, இரு பக்கமும் 26 செ.மீ. விட்டு வெட்டுங்கள். உடல் அரை அகலம் 34, கை 34, ஆக நடுமுதுகிலிருந்து 68 செ.மீ. மணிக்கட்டு வரை தாராளமாக வரும். துணி தட்டையாக இருக்கும்போதே கையை உடலோடு இணைத்துவிடுங்கள். மிச்சமாகும் 24 செ.மீ. துண்டுகள் பைகளுக்கு.

இனி அக்குள். கிமோனோவில் பெண்களின் அக்குள் பக்கம் தைக்கப்படாமல் திறந்தே இருக்கும், அதனால் அங்கே இழுவிசை கிடையாது. நாம் அதை மூடுகிறோம். கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூலைதான் இழுபடும், மறுவடிவ உடைகள் முதலில் கிழிவதும் அங்கேதான். 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை இரு பக்கமும் வையுங்கள். சதுரத்தின் மூலைக்கு 1 செ.மீ. முன்பே தையலை நிறுத்தி, ஊசியைத் துணியில் ஊன்றித் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். மூலையைத் தாண்டித் தைத்தால் சுருக்கம் விழும், எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. உள்பக்கம் மூலையில் பட்டு ஆர்கன்சாவின் சிறு துண்டைக் கையால் வைத்துத் தைத்தால் இன்னும் பலம்.

அதன்பின் கை அடியும் பக்கமும் ஒரே ஓட்டத்தில். மெலிந்தவர்களுக்கு 136 செ.மீ. சுற்றளவு தொளதொளவென்று தெரியும். பக்கத் தையலை இரண்டு மூன்று செ.மீ. உள்ளே நகர்த்துங்கள், மிச்சத்தை வெட்டாமல் விடுங்கள். பின்னொரு நாள் இன்னொருவருக்குப் பிரித்துத் தைக்க உதவும்.

கடைசியாகக் கழுத்துப் பட்டி. பழைய பட்டியின் பின்கழுத்துப் பகுதி வியர்வையால் பழுத்திருக்கும். அந்த இடத்தை நடுவில் வைக்காமல் முனைக்குத் தள்ளுங்கள், அல்லது மேலிருந்த குட்டைப் பட்டியை அங்கே போர்த்துங்கள். பட்டியை முதுகின் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் ஊசி குத்திவாருங்கள். ஒரு முன்முனையில் தொடங்கினால் மறுமுனையில் அது முறுக்கிக்கொள்ளும். சாய்வுப் பகுதியில் பட்டியை மிக லேசாக இழுத்தும், நேர்ப் பகுதியில் இழுக்காமலும் வைத்தால் முன்பக்கம் வாய் பிளக்காமல் உட்காரும். முடிந்த அகலம் 5 செ.மீ.

இப்போது பலரும் கேட்பது, வளைந்த கைக்குழியும் டார்ட்டும் வைத்து உடம்போடு ஒட்டிய சட்டை தைக்கலாமா என்பது. தைக்கலாம். ஆனால் 36 செ.மீ.யில் குறுக்குத் துணி எடுக்க முடியாது, இறுக்கமான இடத்தில் எல்லாம் நடுவில் ஒட்டு வரும், பழைய பட்டு அந்த இழுவையைத் தாங்காது. கம்பளிக் கிமோனோவிலோ பருத்தியாலான கோடைக் கிமோனோவான யுகாதாவிலோ முயலுங்கள்.

ஒபியும் ஹாவோரியும்

ஒபி சுமார் 31 செ.மீ. அகலம், இரு அடுக்கான ஃபுகுரோ வகை 4 மீட்டருக்கும் மேல் நீளம். துவைக்கக்கூடாது. நடுவிலிருக்கும் பருத்தித் துணியை வெளியே எடுத்துவிடுங்கள், 90 எண் ஊசி போடுங்கள். தங்க இழை மெல்லிய காகிதத்தில் ஒட்டியது, சூட்டில் கறுக்கும். வெட்டும் கோட்டின் இரு பக்கமும் முதலில் ஜிக்ஜாக் தைத்துவிட்டுத்தான் கத்தரி வைக்கவேண்டும், தலைகீழாகச் செய்தால் மேசை முழுக்க நூல்தான் மிஞ்சும். 80 செ.மீ. துண்டு ஒன்றில் நல்ல தோள்பை வரும்.

ஹாவோரியைப் பெரும்பாலும் வெட்டவே வேண்டாம், ஜீன்ஸ் மேல் அப்படியே போட்டுக்கொள்ளலாம். ஆண்களின் கறுப்பு ஹாவோரியைக் கண்டால் உள்ளே திருப்பிப் பாருங்கள். வெளியே ஒன்றுமில்லாத கறுப்பு, உள்ளே லைனிங்கில் மலை, புலி, படகு என்று ஓவியம் இருக்கும். எடோ காலத்தில் (1603–1868) ஆடம்பர உடைக்குச் சட்டம் தடைபோட்டபோது ஜப்பானியர் அலங்காரத்தை உள்ளே ஒளித்ததன் தொடர்ச்சி இது. அந்த லைனிங் பலகையை மேலங்கியின் முதுகுக்குள் வைத்துத் தைத்தால் வேறு வேலைப்பாடே தேவையில்லை.

மிச்சங்களும் பராமரிப்பும்

2 செ.மீ.க்கு மேலுள்ள மெல்லிய சதுரங்கள் ‘சுமாமி’ பூக்களுக்கு உதவும். மடித்து இதழாக்கி ஒட்டும் இந்தப் பூக்களைத்தான் கியோட்டோவின் மைக்கோக்கள் (பயிற்சியில் உள்ள கெய்ஷாக்கள்) தலையில் சூடுகிறார்கள். சாயம் விடும் சிவப்பு லைனிங்குக்கும் இதுவே நல்ல வழி, இந்தப் பூக்கள் நனைவதே இல்லையே. இழுத்தால் கிழியும் பட்டைகளை 1 செ.மீ. நாடாக்களாகக் கிழித்துப் பருத்திப் பாவில் ஊடையாக நெய்தால் ‘சாகிஓரி’. வடக்கு ஜப்பானில் துணிப்பஞ்சம் நிலவிய காலத்தில் பிறந்த நெசவு இது. கிழித்த நாடாவை நெய்யும் முன் இலேசாக ஈரமாக்கினால் நூல் பறக்காது.

தைத்து முடித்த உடையை ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டாம். போட்டுக் கழற்றியதும் ஒரு இரவு காற்றில் தொங்கவிட்டு, அக்குள் பகுதியில் உள்ளே ஒரு வியர்வைப் பட்டை பொருத்திவைத்து அதை மட்டும் எடுத்து அலசுங்கள். அதனால்தான் அந்தப் பட்டையை மெஷினில் தைக்காமல் நாலைந்து கைத்தையலால் மட்டும் பிடித்து வைக்கவேண்டும். தோளில் நீண்ட நாள் தொங்கினால் கழுத்து வெட்டு மூலை விரியும். மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவைத்துப் பூஞ்சையை மறுபடி வரவழைக்கும்.